சொன்ன பேச்சு கேட்காத குடல்

என் குடலில் ஒரு துணுக்கு எனக்கு முன்னாலேயே வேலைக்கு வந்து காத்திருக்கும். ஆய்வுக்கூடத்தில், எப்போதும் உடம்புச் சூட்டிலேயே இருக்கும் ஒரு பெட்டிக்குள், மூடி போட்ட பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்றில் அது குடியிருந்தது. வாடகை கிடையாது. ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பாடு. அந்தச் சாப்பாட்டைப் போட்டவனும் நான்தான். ஆக, சட்டைக்குள் இருக்கும் குடலுக்கு என் மனைவி பொறுப்பு, பெட்டிக்குள் இருக்கும் குடலுக்கு நான் பொறுப்பு. இரண்டில் எது நல்ல கவனிப்பில் இருந்தது என்று கேட்டால் போன மாதம் வரை யோசிக்காமல் சட்டையைத் தொட்டுக் காட்டியிருப்பேன். இப்போது எதைத் தொடுவது என்று தெரியவில்லை.

அது பெட்டிக்குள் போன கதை எளிது. ஆரோக்கியமான ஆட்களின் குடலிலிருந்து கிள்ளி எடுத்த துணுக்குகள் தேவை என்று ஆய்வுக்கூடத்தில் அறிவிப்பு ஒட்டினார்கள். ஒரு மாதம் ஒட்டியே கிடந்தது. சம்பளத்தை உயர்த்துகிறோம் என்றால் அடித்துப் பிடித்து வருகிற ஜனம், குடலைக் கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு போனது. கடைசியில் எங்கள் தலைவி, நாங்கள் ‘மேடம்’ என்று மட்டுமே கூப்பிடுகிறவர், என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு இல்லை என்று சொல்லத் தெரிந்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன். ஒப்புக்கொண்டேன். கூட இன்னொரு ஆள் வேண்டும் என்றார். என் மச்சானை இழுத்து வந்தேன்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். லிஃப்ட் மெக்கானிக். தனி ஆள். எங்கள் வீட்டுப் பின்னறையில், ஸ்பானர்களுக்கும் கம்பிச் சுருள்களுக்கும் நடுவில் ஒரு கட்டில் போட்டு வசிக்கிறார். “பின்வழியா ஒரு சாண் தூரந்தான் உள்ள போவாங்க மச்சான், ஒரு கிள்ளு, அவ்வளவுதான்” என்று சொல்லித்தான் கூட்டிப் போனேன். சொன்னபடியே ஒரு சாண்தான் போனார்கள். அதற்கு மேல் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. இந்த ஒரு சாண் விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நான் மறந்துவிட்டேன்.

அன்று எங்கள் இருவருக்கும் ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்தார்கள். ஆளுக்கொன்று இல்லை, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்று. அதைப் பங்கு வைத்துத் தின்றபடி பஸ்ஸில் திரும்பியதுதான் நாங்கள் சிரித்துப் பேசிய கடைசிப் பயணம். அப்புறம் சண்டை வந்துவிட்டது. காரணம் கேட்டால், அவருடைய வேலையை நான் நாலு பேர் முன்னால் கிண்டலடித்தேன் என்பார் அவர். என் கிண்டலைப் புரிந்துகொள்ள அவருக்குத் தெரியவில்லை என்பேன் நான். குளியலறைக் கதவில் தொங்கிய ஒரு ஈரத் துண்டுதான் காரணம் என்பாள் என் மனைவி. அவள் சொன்னதுதான் நிஜம் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தேகம் உண்டு. எது எப்படியோ, ஒரே வீட்டில், ஒரே மேஜையில், ஒரே குளியலறையை வைத்துக்கொண்டு நாங்கள் பேசாமல் இருந்தோம். தேவைப்பட்டால் அவள் வழியாகப் பேசினோம்.

குடலின் உட்பக்கம் எப்படி வளர்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் நான் ஏன் கலங்கிப் போனேன் என்பது புரியாது. குடலின் உள்சுவரை உருப்பெருக்கியில் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத குழிகள் கோடிக்கணக்கில் இருக்கும். ஒவ்வொரு குழியின் அடியிலும் தாய் செல்கள் சில. அவற்றைச் சுற்றியிருக்கிற பக்கத்து செல்கள் ‘பெருகு, பெருகு’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். சத்தம் போட்டு இல்லை, ஒரு ரசாயனத்தைக் கசியவிட்டு. தாய் செல் இரண்டாகும். பிள்ளை செல் மேலே ஏறும். ஏற ஏற அந்தப் பேச்சு தேய்ந்துபோய், ‘போதும்’ என்கிற இன்னொரு பேச்சு காதில் விழும். பெருகுவதை நிறுத்திவிட்டு வேலை பார்க்கும். நாலைந்து நாளில் குழியின் வாய்க்கு வந்து, இடம் நெருக்கடியானதும் உதிர்ந்து போகும். இப்படியே வாரத்துக்கொரு தடவை உள்ளே புதுச் சுவர். என் வீட்டுக்கு வெள்ளையடித்து ஏழு வருஷமாகிறது.

கிண்ணத்தில் பக்கத்து செல்கள் கிடையாது. ஒரு சொட்டு ஜெல்லியில் தன்னந்தனியாக இருக்கிற குடலுக்கு ‘பெருகு’ என்று யார் சொல்வது? நாங்கள்தான் சொல்ல வேண்டும். அந்த ரசாயனத்தைக் கலந்த சாப்பாடு ஒரு பாட்டிலில் இருக்கும். கலக்காத சாப்பாடு வேறொரு பாட்டிலில். இதை ‘மொட்டைச் சாப்பாடு’ என்போம். மொட்டைச் சாப்பாடு போட்டால் நல்ல குடல் வளராது. சுருங்கி, கறுத்து, சில நாளில் செத்துப்போகும். அப்படிச் சாவதுதான் நல்ல குடலுக்கு அழகு. யாரும் சொல்லாமலேயே வளருகிறது என்றால், அதற்குள்ளே பிரேக் உடைந்திருக்கிறது என்று அர்த்தம். உடம்புக்குள் பிரேக் உடைந்த செல் என்ன செய்யும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. அந்த நோயின் பெயரை எங்கள் வீட்டில் மெதுவாகத்தான் சொல்வோம்.

இனி என் திருவிளையாடல். ஒரு வெள்ளிக்கிழமை, கிளம்புகிற அவசரத்தில், என் கிண்ணத்துக்கும் மச்சான் கிண்ணத்துக்கும் புது ஜெல்லி, புது மூடி, புதுச் சாப்பாடு எல்லாம் மாற்றினேன். மூடியில் ஒட்டி எழுதுகிற காகித நாடா தீர்ந்துபோயிருந்தது. எழுந்துபோய் அலமாரியில் எடுத்திருக்கலாம். அலமாரி பத்தடி தள்ளி இருந்தது. மூடியின் மேலேயே மார்க்கரால் எழுதி உள்ளே வைத்துவிட்டேன்.

இந்த வேலையில் சேருகிறவர்களுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே, மார்க்கரில் எழுதாதே, ஸ்பிரிட் பட்டால் அழிந்துவிடும் என்பதுதான். சொல்லிக்கொடுக்கிறவன் நான்.

எங்கள் கூடத்தில் ஒரு பெண் இருக்கிறாள். எல்லாவற்றின் மேலும் ஸ்பிரிட் அடித்துத் துடைப்பாள். கதவுக் கைப்பிடி, நாற்காலி, ஒருநாள் என் டிபன் பாக்ஸ். அதனால் அவளுக்கு ‘ஸ்பிரிட்’ என்றே பெயர். சனிக்கிழமை பெட்டியைச் சுத்தம் செய்வது அவள் முறை. எல்லாக் கிண்ணத்தையும் வெளியே எடுத்து, ஒவ்வொன்றாகத் துடைத்து, அழகாக அடுக்கி வைத்திருக்கிறாள்.

திங்கட்கிழமை பெட்டியைத் திறந்தபோது பளபளவென்று இரண்டு மூடிகள். எண்ணும் இல்லை, தேதியும் இல்லை. சரி, இரண்டும் நல்ல குடல்தானே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று உருப்பெருக்கியில் வைத்தேன். ஒன்றில் எல்லாம் செத்துக் கிடந்தது. கறுப்புப் பொடி மாதிரி. மேஜையைத் திரும்பிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை நான் காலி செய்துவிட்டு வைத்த பாட்டில் அங்கேயே நின்றது. மொட்டைச் சாப்பாடு.

அப்படியானால் இரண்டும் செத்திருக்க வேண்டுமே என்று இரண்டாவது கிண்ணத்தை வைத்தேன். அதில் குட்டிக் குட்டிப் பந்துகளாக, கொழுகொழுவென்று, பிறந்தநாள் வீட்டுப் பலூன்கள் மாதிரி வளர்ந்து கிடந்தது.

ஒன்று நான். இன்னொன்று மச்சான். எது யார்?

மேடம் வந்து பார்த்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“ரெண்டுமே போயிருக்கணுமே.”

“ஆமா மேடம்.”

“ஒண்ணு ஏன் போகல?”

“அதான் மேடம் நானும் யோசிக்கிறேன்.”

“நீங்க யோசிக்க வேண்டாம். இது எந்த நம்பர்?”

“அழிஞ்சுபோச்சு மேடம்.”

“எதுல எழுதுனீங்க?”

“மார்க்கர்ல.”

மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். இந்த ஆளை நான்தான் வேலைக்கு எடுத்தேனா என்று நினைக்கும்போதுதான் அவர் அதைக் கழற்றுவார். என்னைப் பொறுத்தவரை அவர் கண்ணாடி இல்லாமல் இருந்த நேரமே அதிகம்.

பின்னால் ஸ்பிரிட் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். “அண்ணா, நான் தொடச்சது தப்பாண்ணா?”

“தொடச்சது தப்பில்லம்மா. எழுதுனதுதான் தப்பு.”

“ரொம்ப அழுக்கா இருந்துச்சுண்ணா, ஏதோ கிறுக்கி வச்சிருந்தாங்க.”

“அதுதாம்மா என் கையெழுத்து.”

எந்தக் குடல் யாருடையது என்பது மேடத்துக்குத் தெரியக்கூடாது. எண் மட்டும்தான் தெரியும். ஆனால் அன்று எனக்கு வாய் நிற்கவில்லை. ஒன்று என்னுடையது, ஒன்று என் மச்சானுடையது என்று சொல்லிவிட்டேன். மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

“உக்காருங்க” என்றார். “கிண்ணத்துல நடக்கறதெல்லாம் வயித்துல நடக்கறதில்ல. ரொம்ப நாள் வெளியில வளர்ந்தா அதுங்க தானாவே கெட்டுப்போறதும் உண்டு.”

“அப்ப எங்களுக்கு ஒண்ணும் இல்லையா மேடம்?”

“இல்லன்னு சொல்லல.”

“இருக்கா?”

“இருக்குன்னும் சொல்லல. உங்க ரெண்டு பேரோட பழைய துணுக்கு ஐஸ்ல இருக்கு. அதையும் இதையும் அனுப்பி மரபணுவை ஒப்பிட்டுப் பாப்போம். அது வர வரைக்கும் வீட்ல எதையாவது உளறி வைக்காதீங்க.”

இல்லையும் இல்லை, இருக்கும் இல்லை. அந்தப் பதிலைத் தலையில் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போனேன்.

வழி நெடுக எனக்குள் ஒரு கேவலமான தராசு ஆடிக்கொண்டிருந்தது. அது என் குடலாக இருக்கக்கூடாது என்று நினைத்தேன். உடனே, அப்படியென்றால் மச்சானுடையதாக இருக்கட்டும் என்றல்லவா நினைக்கிறாய் என்று ஒரு குரல் கேட்டது. சேச்சே, அவருக்கும் வேண்டாம் என்றேன். இருப்பதே இரண்டு கிண்ணம், மூன்றாவது ஆளுக்கு எங்கே போவாய் என்றது குரல். சரி, என்னுடையதாகவே இருக்கட்டும் என்று பெருந்தன்மையாகச் சொல்லிப் பார்த்தேன். வயிறு கடமுடவென்றது. இது பயமா, பசியா, அதுவா என்று புரியாமல் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய் இறங்கினேன்.

வீட்டில் மூவரும் சாப்பிட உட்கார்ந்தோம். மச்சான் எதிரே. நல்ல உடம்பு. லிஃப்ட் குழிக்குள் ஏறி இறங்குகிற உடம்பு. இரண்டாவது முட்டையை எடுத்துத் தட்டில் வைத்தார். நான் அவர் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன் போல.

“என்னவாம்?” என்று தங்கையிடம் கேட்டார். “நான் சாப்பிடறத எண்ணிக்கிட்டு இருக்காரா உன் வீட்டுக்காரர்?”

“ஏங்க, அண்ணன் சாப்பிடறத ஏன் பாக்கறீங்க?”

“பசி நல்லா எடுக்குதான்னு கேளு” என்றேன்.

“அண்ணே, பசி நல்லா எடுக்குதான்னு கேக்கறாரு.”

“ஏன், எடுத்தா ஆகாதான்னு கேளு.”

“ஏங்க, எடுத்தா ஆகாதா?”

“வயிறு வலி, எடை குறையறது, அந்த மாதிரி ஏதாவது உண்டான்னு கேளு.”

அவள் கேட்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்தாள். இருபது வருஷமாக என் முகத்தைப் பார்க்கிறவள். நான் பொய் சொன்னால் என் காது சிவக்கும் என்று எனக்கே சொன்னவள் அவள்தான்.

“என்ன ஆச்சு?” என்றாள்.

மேடம் சொன்னது நினைவிருந்தது. உளறக்கூடாது. தண்ணீர் குடித்தேன். அப்புறம், மாதக்கணக்கில் பேசாத மனிதரை நேராகப் பார்த்து நான் சொன்ன முதல் வாக்கியம் இது:

“மச்சான், உங்க குடலோ என் குடலோ, ரெண்டுல ஒண்ணு சொன்ன பேச்சு கேக்கல.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். மார்க்கர், ஸ்பிரிட், மொட்டைச் சாப்பாடு, பலூன்கள். மச்சான் முட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார். முடித்ததும் தங்கையைப் பார்த்துத் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தவர், நிறுத்தி, என்னைப் பார்த்தார்.

“மாப்ள, இப்ப நான் என்ன, சாகப் போறேனா?”

“தெரியல மச்சான்.”

“நீ?”

“அதுவும் தெரியல.”

“தெரியலன்னு சொல்லத்தான் இவ்வளவு கதையா?”

என் மனைவி எழுந்து அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அடுப்பு ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது. “ரெண்டு பேர்ல யாருன்னு பாத்துக்கிட்டிருக்கீங்களே” என்றாள் மெதுவாக. “யாரா இருந்தாலும் போறது எனக்குத்தானே?”

என் தராசு அதோடு நின்றது. அதன் இரண்டு தட்டும் அவள் கையில் இருப்பதை அதுவரை நான் பார்க்கவே இல்லை.

மச்சான் முட்டையைக் கையில் உருட்டினார். “லிஃப்ட்ல ஆள் கூடிப்போச்சுன்னா பீப் பீப்னு கத்தும். கடைசியா ஏறினவன் முறைச்சுக்கிட்டே இறங்குவான். உங்க குடல்ல யாரு இறங்கணும்னு யாரு சொல்றது?”

“நெருக்கடி ஆனா அதுங்களுக்கே தெரியும் மச்சான். பக்கத்துல இருக்கறவன் அமுக்கறது தெரியும். ஒண்ணு வெளிய தள்ளப்பட்டுடும். இடம் காலியா இருந்தா, இழுபட்டு, புதுசா ஒண்ணு பிறக்கும்.”

“எந்த ஒண்ணு இறங்கணும்னு எப்படி முடிவாகுது?”

“அது முழுசா எங்களுக்கும் தெரியாது.”

“உனக்குத் தெரிஞ்சது ஏதாவது இருக்கா மாப்ள?”

“மார்க்கர்ல எழுதக் கூடாது. அது தெரியும்.”

சிரித்துவிட்டார். சிரித்தது தனக்கே பிடிக்காதவர் மாதிரி உடனே முட்டையை வாயில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் மேடத்திடம் போய், உளறிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. “நெனச்சேன்” என்றார். “ரெண்டு பேருக்கும் வயசு நாப்பத்தஞ்சைத் தாண்டிடுச்சில்ல? கிண்ணம் இல்லன்னாலும் இந்த வயசுல கேமராக் குழாய் விட்டு முழு ஸ்கோப் ஒரு தடவை பாக்கணும். அன்னிக்கு ஒரு சாண்தானே பார்த்தாங்க. முடிவு வரட்டும்னு காத்திருக்காம ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க.”

ஒரு சாண். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கையளவு பார்த்துவிட்டு முழு வீடும் சுத்தம் என்று இருவரும் பிஸ்கட் தின்றுகொண்டு வந்திருக்கிறோம்.

எனக்கு வேண்டாம், மச்சான் மட்டும் போனால் போதும் என்றுதான் நினைத்தேன். ஏனென்றால் இதற்குள் எனக்கு ஒரு முடிவு வந்திருந்தது: வளர்ந்தது மச்சானுடையதுதான். எந்த ஆதாரமும் கிடையாது. வளர்ந்த பந்துகளின் தோற்றத்தில் அவருடைய தாடை தெரிந்தது, அவ்வளவுதான். ஆனால் அவர் தனியாகப் போகமாட்டேன் என்றார். “உன் பேச்சைக் கேட்டு ஒரு தடவை போனேன். இந்தத் தடவை நீ முன்னால போ, நான் பின்னால வரேன்” என்றார். துணைக்குத்தான் போனேன். இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரே காலையில் இருவருக்கும் நேரம் கொடுத்தார்கள். அதற்கு முந்தின மாலை குடலைக் கழுவ ஆளுக்கொரு பெரிய ஜாடி பேதி மருந்து குடிக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஒரே ஒரு கழிப்பறை, அதுவும் குளியலறைக்குள். இந்த இரண்டு தகவலையும் தனித்தனியாகக் கேட்டபோது எங்களில் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

உப்பும் எலுமிச்சையும் சோப்பும் கலந்த மாதிரி ஒரு ருசி. மூக்கைப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்து குடித்தோம். மனைவி நடுவில் நின்று இரண்டு ஜாடியையும் பார்வையிட்டாள். முதல் அரை மணி நேரம் ஒன்றும் இல்லை. “எனக்கெல்லாம் இது பத்தாது” என்று மச்சான் சொல்லி வாய் மூடவில்லை, எழுந்து ஓடினார். கதவு சாத்துகிற சத்தம் கேட்ட அதே வினாடி எனக்கும் அழைப்பு வந்தது.

“மச்சான்!”

“ஆள் இருக்கு!”

“தெரியும்! சீக்கிரம்!”

“இது என்ன என் கையிலயா இருக்கு?”

“மச்சான், ஓவர்லோடு. பீப் பீப்.”

“கடைசியா வந்தவன்தான் இறங்கணும். நில்லு!”

அவர் வெளியே வந்தார், நான் உள்ளே போனேன். நான் வெளியே வருவதற்குள் அவர் திரும்பக் கதவில் நின்றார். மாதக்கணக்கில் பேசாமல் சேர்த்து வைத்ததையெல்லாம் அந்தக் கதவின் இரு பக்கமும் நின்று பேசித் தீர்த்தோம். ஒரு கட்டத்தில் உள்ளேயிருந்து அவர் குரல் வேறு மாதிரி வந்தது.

“மாப்ள.”

“சொல்லுங்க மச்சான்.”

“என்னோடதுதான்னு வந்துச்சுன்னா, அவகிட்ட நீயே சொல்லு. எனக்குச் சொல்ல வராது.”

கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றேன். கதவில் ஒரு ஈரத் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. யாருடையது என்று பார்க்காமல் அதில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

“அது என் துண்டு” என்றார் உள்ளேயிருந்து. எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை புரியவில்லை.

காலையில் முதலில் அவரைத்தான் உள்ளே கூப்பிட்டார்கள். முன்னால் போ என்று என்னிடம் சொன்னவர், பெயர் கூப்பிட்டதும் என் கையை ஒரு அழுத்து அழுத்திவிட்டு நடந்தார். அடுத்து நான். மருந்து ஏறியதும் எதுவும் நினைவில்லை. கண் விழித்தபோது பக்கத்துக் கட்டிலில் மச்சான் டீ குடித்துக்கொண்டிருந்தார். கால்மாட்டில் மனைவி. ஸ்கோப் டாக்டர், தூக்கம் போதாத முகத்தோடு ஒரு இளைஞர், மச்சானிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“உங்களுக்கு முழுக்க சுத்தமா இருக்கு. எதுவும் இல்ல.”

என் மனைவி ஒரு மூச்சு விட்டாள். நான் கட்டிலிலிருந்தே கையைத் தூக்கி மச்சானுக்கு ஒரு சலாம் வைத்தேன். அப்பாடா, கிண்ணம் தானாகக் கெட்டதுதான், எல்லாம் சுபம், வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்.

“இவருக்கு ஒண்ணு இருந்துச்சு” என்றார் டாக்டர்.

“எவருக்கு?” என்றேன்.

“உங்களுக்குத்தான். மேல, கொஞ்சம் தள்ளி. சுண்டுவிரல் நுனி அளவு. எடுத்தாச்சு. பரிசோதனைக்கு அனுப்பறோம். பார்க்க பயப்படற மாதிரி இல்ல. ஆனா இன்னும் சில வருஷம் விட்டிருந்தா சொல்ல முடியாது.”

கை இன்னும் சலாம் நிலையிலேயே இருந்தது. மனைவி வந்து அதை மெல்லக் கீழே இறக்கி வைத்துவிட்டு, விடாமல் பிடித்துக்கொண்டாள்.

ஆக, வளர்ந்த கிண்ணம் என்னுடையதுதான் என்று முடிவு செய்தேன். வருத்தம் இருந்தாலும் ஒரு தெளிவு கிடைத்தது. நம்முடைய முட்டாள்தனமே நம்மைக் காப்பாற்றியது, கதைக்கு இது நல்ல முடிவு என்று வீட்டில் படுத்துக்கொண்டு நினைத்தேன். பரிசோதனை முடிவும் வந்தது. கெட்ட வழியில் கிளம்பிய கட்டிதான், ஆனால் போய்ச் சேரவில்லை, முழுசாக எடுத்தாகிவிட்டது.

அடுத்த வாரம் வேலைக்குப் போனேன். மேடம் கூப்பிட்டார்.

“மரபணு ஒப்பீடு வந்துடுச்சு.”

“தெரியும் மேடம். என்னோடதுதானே?”

“செத்ததுதான் உங்களோடது. வளர்ந்தது உங்க மச்சானோடது.”

நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். “மேடம், அவருக்கு ஒண்ணுமே இல்லையே. எனக்குத்தானே கட்டி?”

“ஆமா.”

“என் குடல் கிண்ணத்துல ஒழுங்கா இருந்துச்சு. வயித்துல ஒழுங்கா இல்ல.”

“ஆமா. கிள்ளினது கீழ. கட்டி வந்தது மேல.”

“அவரோடது வயித்துல ஒழுங்கா இருக்கு. கிண்ணத்துல கெட்டுப்போச்சு.”

“ஐஸ்ல இருந்த அவரோட பழைய துணுக்கையும் மொட்டைச் சாப்பாட்டுல போட்டுப் பார்த்தோம். போயிடுச்சு. அப்ப இது வெளிய வந்தப்புறம் கத்துக்கிட்ட பழக்கந்தான். இருந்தாலும் அவரை அடுத்த வருஷம் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்க.”

“அப்ப நான் தப்பான கிண்ணத்தைப் பார்த்துப் பயந்து, தப்பான ஆளுக்குத் துணையாப் போயி...”

“சரியா வந்துட்டீங்க” என்றார் மேடம். கண்ணாடி மூக்கிலேயே இருந்தது. ஆனால் அதற்குப் பின்னால் கண் கொஞ்சம் கலங்கியிருந்த மாதிரி எனக்குப் பட்டது. எனக்குப் படுவதை நம்பக்கூடாது என்பதற்குத்தான் இந்தக் கதை முழுக்க ஆதாரம் இருக்கிறதே.

அந்தக் கிண்ணத்தை மேடம் தூக்கிப் போடவில்லை. ஒரு நல்ல குடல் எப்படிப் பேச்சு கேட்பதை நிறுத்தியது என்று பார்க்க வேண்டுமாம். சாப்பாடு போடுவது நான்தான். மூடியில் காகித நாடா ஒட்டி, எண் எழுதி, அதன் மேல் ஸ்பிரிட் இன்னொரு நாடாவும் ஒட்டியிருக்கிறாள். யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் நான் தினம் அதைப் பார்த்து ஒரு கும்பிடு போடுகிறேன். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான்.

அன்று வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மனைவி இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். இரண்டாவது தடவை எனக்கே குழம்பிவிட்டது. மச்சான் விரல் விட்டுக் கணக்குப் போட்டார்.

“அப்ப என் குடல் அங்க நிக்காம வளருது. இங்க எனக்கு ஒண்ணும் இல்ல.”

“ஆமா மச்சான்.”

“உன் குடல் அங்க செத்துப்போச்சு. இங்க நீ உக்காந்திருக்க.”

“ஆமா.”

“மாப்ள, ஒண்ணு கேக்கறேன். அங்க இருக்கறது நானா, இல்லையா?”

“தெரியல மச்சான்.”

“நெனச்சேன்” என்று எழுந்து குளிக்கப் போனார். கதவு திறந்தது. பிறகு கத்தினார்.

“யோவ், என் துண்டு ஏன்யா நனைஞ்சிருக்கு?”

என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். பழக்க தோஷத்தில், எனக்குச் சொல்வதற்காக வாயைத் திறந்தாள். பிறகு, தேவையில்லை என்று தெரிந்து, வாயை மூடிக்கொண்டு உள்ளே போனாள்.